கழுத்துத் தமனி அடைப்பு: சீன மூலிகையையும் சேர்த்துக்கொள்ளலாமா?

சீனாவின் பெரிய மருத்துவமனைகளில் எழுதித் தரும் மருந்துச் சீட்டு நமக்குப் புதுமையாக இருக்கும். அடோர்வாஸ்டாட்டின், ஆஸ்பிரின், ரத்த அழுத்த மாத்திரை என்று வரிசையாக வரும். அவற்றுக்குக் கீழேயே தான்ஷென் வேரிலிருந்து செய்த சிறு உருண்டைகளோ, தொங்சின்லுவோ என்ற கூட்டு மருந்தோ இடம்பெற்றிருக்கும். இரண்டையும் எழுதியவர் ஒரே மருத்துவர். அங்கே இது வழக்கம். நவீன மருத்துவம் படித்தவர்கள் சீன மருத்துவத்தையும் கற்க வேண்டும் என்று 1950களிலேயே அரசு கொள்கை வகுத்தது. 1955இல் பெய்ஜிங்கில் சீன மருத்துவத்துக்கென ஓர் ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டது. 1982ஆம் ஆண்டின் அரசியல் சட்டம், நவீன மருத்துவம், மரபு மருத்துவம் இரண்டையும் அரசு வளர்க்கும் என்று 21ஆம் பிரிவில் சொல்கிறது. இரண்டு மருத்துவமும் ஒரே கட்டடத்தில், ஒரே கோப்பில் நடப்பது அங்கே எழுபது ஆண்டுப் பழக்கம்.

கழுத்தில் ஓடும் கரோட்டிட் தமனியில் அடைப்பு வந்தவருக்கு இப்படி இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் உண்டா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் நம்பத்தக்க சீன ஆய்வுகள் சில இருக்கின்றன. அவற்றில் மூலிகை மருந்து வழக்கமான சிகிச்சைக்கு மேல் கூடுதலாகத்தான் கொடுக்கப்பட்டது. வழக்கமான சிகிச்சையை நிறுத்திவிட்டுக் கொடுக்கப்படவில்லை. அந்த ஆய்வுகளைக் காட்டி ஸ்டேட்டினையும் ஆஸ்பிரினையும் விட்டுவிடச் சொல்பவர், அந்த ஆய்வுகள் சொல்லாததைச் சொல்கிறார்.

கழுத்தில் நடப்பது என்ன

தாடைக்குக் கீழே, குரல்வளையின் பக்கத்தில் விரல் வைத்தால் ஒரு துடிப்பு தெரியும். அதுதான் கரோட்டிட் தமனி. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. குரல்வளையின் மேல்விளிம்பு உயரத்துக்கு வந்ததும் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கும் தலையின் வெளிப்பகுதிக்கும் போகிறது. மற்றது மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. பிரியும் இடத்தில் தமனி சற்றே புடைத்திருப்பதால் அங்கே ரத்தம் சீராக ஓடாமல் சுழல்கிறது, வேகமும் குறைகிறது. அந்த இடத்து உட்சுவர் செல்கள் காவலைத் தளர்த்துகின்றன. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு சுவருக்குள் நுழைகிறது. அதை விழுங்க வரும் வெள்ளை அணுக்கள் கொழுப்பு நிறைந்து அங்கேயே மடிகின்றன. சுற்றிலும் நார்த்திசு வளர்கிறது, சுண்ணாம்பும் சேர்கிறது. பல ஆண்டுகளில் உருவாகும் இந்தத் தடிப்பைத்தான் ஸ்கேன் அறிக்கையில் பிளேக் என்று எழுதுகிறார்கள்.

‘அடைப்பு’ என்றதும் சமையலறைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த காட்சி மனத்தில் எழும். அந்தக் காட்சி நம்மைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்கிறது. பிளேக் குழாயின் உள்ளே ஒட்டியிருக்கும் அழுக்கு அல்ல, குழாயின் சுவருக்குள்ளேயே வளர்ந்த திசு. ஊற்றிக் கரைக்கவோ சுரண்டி எடுக்கவோ கஷாயத்தாலும் முடியாது, மாத்திரையாலும் முடியாது. நல்ல சிகிச்சை செய்வது வேறு. பிளேக்கின் உள்ளே இருக்கும் கொழுப்பைக் குறைத்து, மேலே மூடியிருக்கும் நார்ப்போர்வையை உறுதியாக்குகிறது. அந்தப் போர்வை கிழிந்தால்தான் ஆபத்து. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகும், கட்டியின் ஒரு துணுக்கு மேலே போய் மூளையின் சிறு தமனியில் சிக்கிக்கொள்ளும். கரோட்டிட் அடைப்பால் வரும் பக்கவாதம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ‘அடைப்பைக் கரைக்கும்’ என்று எந்த மருத்துவத்தின் பெயரால் விளம்பரம் வந்தாலும் சந்தேகத்தோடு பாருங்கள்.

துணுக்கு சிறியதாக இருந்து தானே கரைந்துவிட்டால் அறிகுறி சில நிமிடங்களில் மறையும். ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோல் பார்வை மங்கி மீளும். ஒரு கை பலமிழந்து, பிறகு சரியாகும். வாய் கோணும், அல்லது சொல் குழறும். இந்தத் தற்காலிகப் பக்கவாதம் அடுத்த சில நாட்களுக்கான எச்சரிக்கை. எச்சரிக்கை வந்தவருக்கும் வராதவருக்கும் சிகிச்சையே வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வழக்கமான சிகிச்சை எவ்வளவு தருகிறது

எதன்மேல் எதைச் சேர்க்கிறோம் என்று தெரிய, முதலில் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். 1991இல் வெளியான நாஸ்கெட் என்ற வட அமெரிக்க ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனை. அறிகுறி வந்து, 70 முதல் 99 சதவீதம் வரை தமனி குறுகியிருந்த நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு அன்றைய மருந்துகள் மட்டும். மற்றதுக்கு மருந்தோடு, தமனியைத் திறந்து பிளேக்கை அகற்றும் அறுவை சிகிச்சையும். இரண்டு ஆண்டுகளில் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தவர்கள் மருந்துப் பிரிவில் 26 சதவீதம், அறுவை சிகிச்சைப் பிரிவில் 9 சதவீதம். ஆறு பேருக்கு அறுவை சிகிச்சை செய்தால் ஒருவருக்குப் பக்கவாதம் தவிர்கிறது என்பது இதன் கணக்கு. மருத்துவத்தில் இவ்வளவு பெரிய பலன் அரிது. அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தால் பலன் இன்னும் கூடுதல். வயது, இதயத்தின் நிலை, கழுத்தின் அமைப்பு ஆகியவற்றைப் பார்த்துச் சிலருக்கு அறுவை சிகிச்சைக்குப் பதிலாக ஸ்டென்ட் வைக்கிறார்கள்.

அறிகுறியே இல்லாமல் முழு உடல் பரிசோதனையில் தற்செயலாக அடைப்பு தெரிந்தவர்களின் கணக்கு வேறு. 1995இல் வெளியான ஆகாஸ் ஆய்வில் ஐந்து ஆண்டுகளில் மருந்து மட்டும் பெற்றவர்களில் 11 சதவீதத்தினருக்கும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 5 சதவீதத்தினருக்கும் பக்கவாதம் வரும் என்று கணக்கிட்டார்கள். அந்த ஆய்வு ஸ்டேட்டின் பரவலாவதற்கு முந்தையது. இன்றைய மருந்துகளோடு அந்த 11 சதவீதமே வெகுவாகக் குறைந்துவிட்டது. அதனால் அறிகுறி இல்லாத பலருக்கு மருந்தே முதல் சிகிச்சையாகிவிட்டது. நூறு சதவீதம் முழுமையாக மூடிப்போன தமனியைப் பொதுவாகத் திறப்பதில்லை. அறிக்கையில் ‘முழு அடைப்பு’ என்று படித்துவிட்டு, உடனே அறுவை சிகிச்சை வேண்டும் என்று பதறுபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மருந்து என்றால் எது? ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மருந்துகள். இவற்றோடு புகையிலையை அறவே விடுவது. பிரான்சிலும் தென்கொரியாவிலும், தமனித் தடிப்பால் பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்த 2,860 பேரிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வில், எல்.டி.எல்.லை 70க்குக் கீழே கொண்டுவர இலக்கு வைத்துச் சிகிச்சை பெற்றவர்களில் 8.5 சதவீதத்தினருக்குப் பெரிய பாதிப்பு மறுபடி வந்தது. 90க்கும் 110க்கும் இடையில் இலக்கு வைத்தவர்களில் அது 10.9 சதவீதம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, இலக்கை நோக்கிப் போனால்தான் இந்தப் பலன். சீன மூலிகையை நாடும் பலர் இந்த அடித்தளமே சரியாக அமையாத நிலையில் அதை நாடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

சீன மருத்துவம் இதை எப்படிப் பார்க்கிறது

பழைய சீன மருத்துவ நூல்களில் கரோட்டிட் அடைப்பு என்ற நோய் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அந்தக் காலத்தில் உயிரோடிருப்பவரின் கழுத்துத் தமனிக்குள் பார்க்க வழி இல்லை. அங்கே பேசப்படுவது அதன் விளைவுகள்தான்: தலைச்சுற்றலும், ‘காற்று தாக்கியது’ என்று அவர்கள் சொல்லும் பக்கவாதமும். இன்றைய சீன மருத்துவர்கள் பிளேக்கை இரண்டு பழைய கருத்துகளோடு பொருத்துகிறார்கள். ஒன்று, ரத்தத் தேக்கம். மற்றது, கபம் போன்ற ஒரு கசடு. தேக்கத்தைக் கலைத்து ரத்தத்தை ஓடச் செய்வதே சிகிச்சை நெறி.

இந்த நெறியை வலுவாக்கியவர் வாங் ச்சிங்ரென், 1768 முதல் 1831 வரை வாழ்ந்தவர். பிணத்தைத் தொடுவதே தீட்டு என்று கருதிய சமூகத்தில், பழைய நூல்களின் உடற்கூற்றுப் படங்கள் தவறாக இருக்கலாம் என்று ஐயப்பட்டார். 1797இல் லுவான்ஜோ பகுதியில் கொள்ளைநோயில் இறந்த குழந்தைகளை ஆழமில்லாத குழிகளில் புதைத்திருந்தார்கள். நாய்கள் தோண்டிக் குதறிய அந்த உடல்களை நாள்தோறும் போய்ப் பார்த்து உறுப்புகளைக் குறித்துக்கொண்டார். 1830இல் வெளியான தம் நூலில் முன்னோரின் பிழைகளைத் திருத்த முயன்றார். அவர் தந்த திருத்தங்களிலும் பிழைகள் இருந்தன. ஆனால் நூலை நம்புவதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம் பெரியது. பக்கவாதத்துக்கு அவர் எழுதிய ‘புயாங் ஹுவான்வூ’ கஷாயம் இன்றும் சீன மருத்துவமனைகளில் புழங்குகிறது. அதில் ஹுவாங்ச்சி என்ற வேர் மிகப் பெரிய அளவிலும், தாங்குயி, சுவான்சியோங், செம்பியோனி வேர், பீச் பருப்பு, குசும்பாப்பூ, மண்புழு ஆகியவை சிறிய அளவிலும் சேர்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் இந்த நெறியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் பெய்ஜிங்கின் ஷியுவான் மருத்துவமனையைச் சேர்ந்த சென் கெஜி. தான்ஷென், சுவான்சியோங், செம்பியோனி, குசும்பாப்பூ, ஒரு நறுமணக் கட்டை ஆகிய ஐந்தையும் கூட்டி, 1970களில் அவரும் சக மருத்துவர்களும் இதய நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். தான்ஷென் செந்நிற வேர். இதே நெறியில் பயன்படும் இன்னொரு மூலிகையான சான்ச்சி, யுன்னான் மாகாணத்தின் வென்ஷான் பகுதியில் விளையும் ஜின்செங்கின் உறவுச் செடி. தட்டணு ஒட்டுதலைக் குறைப்பது, ரத்தக் குழாயைத் தளர்த்துவது, அழற்சியைத் தணிப்பது போன்ற விளைவுகளை இந்த மூலிகைகளின் சாறுகள் ஆய்வகத்தில் காட்டுகின்றன. ஆய்வகத் தட்டில் தெரிவது மனித உடலில் பக்கவாதத்தைத் தடுக்குமா என்பதற்கு மனிதரிடம் செய்த ஆய்வுதான் பதில் சொல்லும்.

ஆய்வுகள் சொல்வது

கழுத்துத் தமனிக்கு நேரடியாகப் பொருந்தும் சிறந்த ஆய்வு கேப்பிட்டல் என்று பெயர் பெற்றது. சாண்டோங் பல்கலைக்கழகத்தின் ச்சிலூ மருத்துவமனை முன்னின்று நடத்தி 2019இல் முடிவை வெளியிட்டது. ஆராய்ந்த மருந்து தொங்சின்லுவோ. ஹெபெய் மாகாணத்தைச் சேர்ந்த மருத்துவர் வூ யிலிங் உருவாக்கியது. ஜின்செங், செம்பியோனி, சந்தனம், குங்கிலியம் போன்ற ஒரு பிசின், கற்பூர வகை ஒன்று இவற்றோடு அட்டை, தேள், பூரான், சில்வண்டின் சட்டை, மண்வண்டு ஆகியவையும் அதில் உண்டு. சைவ உணவுக்காரர்கள் ‘மூலிகை’ என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கிவிடக் கூடாது என்பதற்காக இதை விரிவாகச் சொல்கிறேன்.

கழுத்துத் தமனியில் தடிப்பு இருந்த 1,212 பேர் அந்த ஆய்வில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை. அதற்கு மேல் ஒரு பாதிக்குத் தொங்சின்லுவோ, மறு பாதிக்கு அதேபோல் தோற்றமளிக்கும் வெற்று மருந்து. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். வெற்று மருந்து பெற்றவர்களின் தமனிச் சுவர் ஆண்டுக்குச் சுமார் 0.013 மில்லிமீட்டர் தடித்தது. தொங்சின்லுவோ பெற்றவர்களிடம் ஏறக்குறைய மாறவே இல்லை. பிளேக்கின் பரப்பு வளர்வதும் குறைந்தது.

இது நல்ல ஆய்வு, வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் இரண்டு செய்திகளைச் சேர்த்தே படிக்க வேண்டும். இவர்கள் ஆரம்பநிலைத் தடிப்பு உள்ளவர்கள். 80 சதவீத அடைப்போடு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் அல்லர். அடுத்து, முதன்மையாக அளந்தது சுவரின் தடிமனை. நோயாளி கேட்பதோ, ‘எனக்குப் பக்கவாதம் வருமா வராதா’ என்பதை. தடிமன் குறைந்தால் பக்கவாதமும் குறையும் என்று தோன்றுவது இயல்பு. அது எப்போதும் உண்மையாவதில்லை. எஸெடிமைப் என்ற கொழுப்பு மருந்தை 2008இல் வெளியான ஆய்வில் ஸ்டேட்டினோடு சேர்த்துப் பார்த்தபோது கழுத்துத் தமனியின் தடிமனில் எந்த மாற்றமும் இல்லை. மருந்து வீண் என்று பலர் முடிவு கட்டினார்கள். 2015இல் வெளியான பெரிய ஆய்வில் அதே மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்தது. ஸ்கேன் ஒன்று சொன்னது, வாழ்க்கை வேறு சொன்னது. எதிர்த்திசையிலும் இப்படி நடக்கலாம்.

தொங்சின்லுவோவுக்கு இன்னொரு வலுவான சான்று இதயத்துறையிலிருந்து வருகிறது. 2023இல் வெளியான ஆய்வில் சீனாவின் 124 மருத்துவமனைகளில் கடும் மாரடைப்பு வந்த 3,777 பேரைக் கணக்கில் எடுத்தார்கள். 30 நாளில் பெரிய பாதிப்புகள் 5.2இலிருந்து 3.4 சதவீதமாகவும், ஓராண்டில் 8.3இலிருந்து 5.3 சதவீதமாகவும் குறைந்தன. பெரிய ரத்தக்கசிவு கூடவில்லை. வயிற்றுத் தொல்லை கூடியது. ஓராண்டில் மொத்த இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இங்கேயும் எல்லோரும் நவீன சிகிச்சையை முழுமையாகப் பெற்றவர்கள்தான். சான்ச்சி சத்தை வைத்து, 3,000க்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளிடம் செய்து அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்விலும், மூன்று மாதத்தில் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலைக்கு வந்தவர்கள் மூலிகைப் பிரிவில் 89 சதவீதம், வெற்று மருந்துப் பிரிவில் 82 சதவீதம்.

தோற்ற ஆய்வுகளையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை விளம்பரமாகிவிடும். நியூரோஎய்ட் என்ற சீனக் கூட்டு மருந்தைச் சிங்கப்பூர் மருத்துவர்கள் முன்னின்று ஆராய்ந்தார்கள். சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, இலங்கை, ஹாங்காங், மலேசியா ஆகிய இடங்களில் சுமார் 1,100 நோயாளிகள் பங்கேற்றார்கள். 2013இல் வெளியான முடிவில், மூன்று மாதத்தில் வெற்று மருந்தைவிட மேலான பலன் உறுதிப்படவில்லை. மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களுக்குச் சீனாவில் வழங்கிவந்த ஒரு கஷாயத்தை 1,648 பேரிடம் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். பலன் இல்லை. இந்த ஆய்வுகளை நடத்தியவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். தம் மரபு மருந்து தோற்றதைத் தாமே உலகுக்குச் சொல்வதற்கு நேர்மை வேண்டும்.

இவற்றைத் தவிர, கரோட்டிட் பிளேக்குக்கு மூலிகை கொடுத்துப் பார்த்த ஏராளமான சிறு ஆய்வுகள் சீன மொழியில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் வெற்று மருந்து ஒப்பீடு இல்லை. நோயாளிகள் சில பத்துப் பேர்தான். அநேகமாக எல்லாம் வெற்றி. 1998இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்ற ஆய்வாளர், அக்குபங்சர் குறித்துச் சீனாவிலிருந்து வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். ஒன்றுகூடத் தோல்வியைச் சொல்லவில்லை. எந்தச் சிகிச்சையும் நூற்றுக்கு நூறு வெல்வதில்லை. தோற்றவை அச்சேறவில்லை என்றுதான் பொருள். அதனால் ‘இருபது ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்ததில் பலன்’ என்று யாரேனும் சொன்னால், அந்த இருபதும் எப்படிப்பட்டவை என்று கேளுங்கள்.

மூலிகையும் மாத்திரையும் ஒன்றாகிவிடும் இடம்

இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த கதை சிவப்பரிசியுடையது. நம் ஊர்ச் சிவப்பரிசி அல்ல. சாதத்தில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்துச் செந்நிறமாக்கி, உணவுக்கும் மதுவுக்கும் மருந்துக்கும் சீனர்கள் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தும் ஹொங்ச்சூ. 1979இல் ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ இந்தப் பூஞ்சை வகையிலிருந்து மொனாக்கோலின் கே என்ற பொருளைப் பிரித்தார். அதுவும், அமெரிக்காவில் 1987இல் மருந்தாக அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டினும் ஒரே மூலக்கூறு. ஹொங்ச்சூவிலிருந்து செய்த சுவெஜிகாங் என்ற மருந்தை, ஏற்கெனவே மாரடைப்பு வந்த 4,870 சீனர்களிடம் சோதித்தார்கள். 2008இல் வெளியான முடிவில், மாரடைப்பு மீண்டும் வருவதும் இதய நோயால் இறப்பதும் 10.4இலிருந்து 5.7 சதவீதமாகக் குறைந்தன.

மரபு மருந்துக்குள் உண்மையான மருந்து இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆபத்தும் இதற்குள்ளேயே இருக்கிறது. மருத்துவர் எழுதிய ஸ்டேட்டினை விழுங்கிக்கொண்டு, ‘இயற்கையானது’ என்று ஹொங்ச்சூ கேப்சூல்களையும் விழுங்குபவர் உண்மையில் இரண்டு ஸ்டேட்டின் சாப்பிடுகிறார். தசை வலியும், அரிதாகத் தசைச் சிதைவும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். எவ்வளவு மொனாக்கோலின் இருக்கிறது என்பதும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். 2024இல் ஜப்பானில் கோபயாஷி நிறுவனத்தின் சிவப்பரிசி மாத்திரைகளைச் சாப்பிட்ட நூற்றுக்கணக்கானோர் சிறுநீரகப் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தயாரிப்பின்போது வேறொரு பூஞ்சை கலந்து, நச்சுப் பொருள் உண்டாகியிருந்தது.

எங்கே மோதல் வரும்

ரத்தம் உறையாமல் தடுக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்குத் தான்ஷென் ஆகவே ஆகாது. 1990களில் ஹாங்காங் மருத்துவர்கள் இதைப் பதிவுசெய்தார்கள். வார்ஃபரினோடு தான்ஷென் சேர்ந்தபோது ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்தது. தாங்குயி வேருக்கும் இதே எச்சரிக்கை உண்டு. கரோட்டிட் அடைப்புக்கு வார்ஃபரின் வழக்கமான மருந்து அல்ல. ஆனால் அந்த வயதில் இதயத்துடிப்புச் சீர்கேடும் சேர்ந்திருப்பது சாதாரணம், அதற்கு அந்த மருந்தை எழுதுவார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் குறைந்தது ஒரு மாதமாவது ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் சாப்பிடுவார்கள். அந்த மாதத்தில் ரத்தத்தை ஓடச் செய்யும் மூன்றாவது பொருளைத் தாமாகச் சேர்ப்பது எனக்குச் சரியென்று படவில்லை.

ரத்த அழுத்தம் அடுத்த கவலை. பல சீனக் கஷாயங்களில் கான்சாவ் சேர்க்கிறார்கள். அது நம் அதிமதுரத்தின் இனம். அதிலுள்ள கிளிசிரைசின், நாள்பட்டுச் சாப்பிட்டால் உடலில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும், அழுத்தத்தைக் கூட்டும். கழுத்துத் தமனி நோயாளிக்கு எது ஆகக் கூடாதோ அதுவே. கொழுப்பைக் குறைக்கவும் நரைக்கும் கொடுக்கும் ஹெஷொவூ வேரால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஸ்டேட்டினும் அதுவும் சேரும்போது கல்லீரல் பரிசோதனையில் எண் ஏறினால், எதனால் ஏறியது என்று பிரித்தறிவதும் கடினம்.

கடையில் கேட்டதுதான் கிடைக்கிறதா என்ற கேள்வி பெல்ஜியத்தில் உயிர்களை வாங்கியது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிய வந்த பெண்களுக்கு ஃபாங்ஜி என்ற வேருக்குப் பதிலாக, ஒத்த பெயருடைய வேறொரு செடியின் வேர் போய்ச் சேர்ந்தது. அதில் இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் நூறுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. மூலிகையை ஊசியாக ஏற்றுவது சீனாவில் பரவலாக இருந்தாலும், ஒவ்வாமை அதிர்ச்சியால் ஏற்பட்ட பாதிப்புகளுக்குப் பிறகு 2006இல் அந்நாட்டு அரசே மீன்வாடைக் கீரை ஊசியின் விற்பனையை நிறுத்திவைத்தது. கழுத்தில் பிளேக் இருப்பவர் அங்கே அழுத்திப் பிடித்துவிடுவதையும், கழுத்தைத் திருகிச் சொடுக்குவதையும் அறவே தவிர்க்க வேண்டும். சீனத் துயினா மசாஜுக்கும் இது பொருந்தும்.

எடுத்துக்கொள்ள விரும்பினால்

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் சீன மருந்தைச் சேர்க்க விரும்பலாம். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வாழும் தமிழருக்குப் பக்கத்துத் தெருவிலேயே சீன மருத்துவர் இருப்பார். அது தவறான விருப்பம் என்று நான் சொல்லமாட்டேன். பிளேக் ஆரம்பநிலையில் இருந்து, ஸ்டேட்டின் முழு அளவில் போய்க்கொண்டு, எல்.டி.எல். இலக்கைத் தொட்டு, அழுத்தம் கட்டுக்குள் இருந்தால், பதிவுபெற்ற சீன மருத்துவரிடம் பதிவுபெற்ற மருந்தை, இதய மருத்துவருக்கோ நரம்பியல் மருத்துவருக்கோ தெரியப்படுத்திச் சேர்ப்பதற்கு ஓரளவு சான்று இருக்கிறது. வார்ஃபரினோ அதன் புதிய தலைமுறை மாற்றுகளோ சாப்பிடுபவர்கள், ஸ்டென்ட் புதிதாக வைத்தவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ நலிந்தவர்கள் சேர்க்காமல் இருப்பதே நல்லது. 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் அறிகுறியும் உள்ளவர், மூலிகையை மூன்று மாதம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சையை யோசிக்கலாம் என்று தள்ளிப்போடவே கூடாது. அவருக்குள்ள நல்ல காலம் இரண்டு வாரம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது புட்டியையோ பொட்டலத்தையோ கையோடு எடுத்துப் போங்கள். பெயரைச் சொன்னால் போதாது. சீன மருந்துகளில் ஒரே பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டுகள் உண்டு. ‘கோபித்துக்கொள்வார்’ என்று பயந்து மறைப்பவர்கள் நிறைய. சித்த மருந்தும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடும் நம் வீடுகளிலும் இதே மறைப்பு இருக்கிறது. மருத்துவர்களும் கடிந்துகொள்வதை விட்டு, ‘வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்’ என்று தாமே கேட்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தால் மூலிகைகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்துவது மயக்க மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. ஆஸ்பிரினை மட்டும் அப்படி நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கரோட்டிட் அறுவை சிகிச்சையின்போது அதைப் பெரும்பாலும் தொடர்ந்து கொடுப்பார்கள்.

கடைசியாக, சீனாவிலிருந்தே வந்த இன்னோர் ஆய்வு. பெய்ஜிங்கின் தியான்தான் மருத்துவமனை முன்னின்று, லேசான பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்த 5,170 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்டது. இதில் மூலிகை இல்லை. அறிகுறி தொடங்கி 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெலும் தொடங்கியவர்களில் 8.2 சதவீதத்தினருக்கே 90 நாளில் பக்கவாதம் வந்தது. ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 11.7 சதவீதத்தினருக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது முதல் 21 நாள் மட்டுமே. ஒரு கண் சில நிமிடம் மங்கினாலும், ஒரு கை சற்றுநேரம் தளர்ந்தாலும், பேச்சு குழறித் தெளிந்தாலும், சரியாகிவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அடுப்பில் கஷாயம் ஏற்றவும் வேண்டாம். அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.